புளியமரத்து ஆணி

“வீடு பயமா இருக்காம். பேய் வந்ததும் பயம் போயிடுதாம். பேய்ப்படத்துக்கு எவனாவது இப்படி எழுதுவானா, டீச்சர்?”

சிவநேசன் தன் படத்தின் விமர்சனம் வந்திருந்த செய்தித்தாளை மேசைமேல் வீசினான்.

அவனுக்கு ஐம்பது வயது. பதினோரு வருடம் சும்மா இருந்த பிறகு இயக்கக் கிடைத்த படம். பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வருகிறது. ஏதாவது மாற்றுவதென்றால் இன்று ஒரு பகல்தான் மிச்சம்.

இமெல்டா டீச்சர் மணல் தட்டில் நின்றபடி யாரோ ஒரு கதாநாயகனுக்காக நடந்துகொண்டிருந்தார். படத்தில் கேட்கிற காலடி, கதவு, வளையல் எல்லாவற்றையும் திரையைப் பார்த்துக்கொண்டே கையாலும் காலாலும் உண்டாக்குவது அவர் வேலை. சிவநேசனைவிட மூன்று வயது இளையவர். ஆனால் கேட்பது எப்படி என்று அவனுக்குச் சொல்லித்தந்தவர்.

“எழுதினவனுக்கு நல்ல காது,” என்றார்.

“நீங்களுமா?”

“முதல் பாதியில என்ன இருக்கு?”

“ஒண்ணுமே இல்லை. பூட்டின சமையற்கட்டு. மண்ணெண்ணெய் வாடை வருதுன்னு குடிவந்தவ சொல்றா. பக்கத்து வீட்டுக்காரங்க ரேடியோவைச் சத்தமா வைக்கிறாங்க. அவ்வளவுதான்.”

“அதுதான் பயம். அப்புறம்?”

“பேய் வருது. வெள்ளைப் புடவை, கொலுசு. அது யாருன்னு இருபது நிமிஷம் பழைய கதை. மந்திரவாதி வர்றார். அவ முடியைப் புளியமரத்துல வெச்சு ஆணி அடிச்சுக் கட்டறார். பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு அதே சமையற்கட்டுல பால் காய்ச்சறாங்க. சுபம்.”

“பேய்க்குக் கால் இல்லைன்னு சொல்வாங்க. கொலுசை எதுல மாட்டினீங்க?”

அவன் சிரிக்கவில்லை.

“கிண்டலுக்கு நேரமில்லை, டீச்சர். ஆணி அடிக்கிற சத்தம் பஞ்சுல அடிக்கிற மாதிரி இருக்கு. தியேட்டர் அதிரணும். அதுக்குத்தான் வந்தேன்.”

டீச்சர் மணலிலிருந்து இறங்கினார். மூலையில் கிடந்த புளியங்கட்டையை உருட்டி வந்து மைக் முன்னால் நிறுத்தினார். ஒரு நீள ஆணி எடுத்தார். ஒரு சுத்தியல் எடுத்தார். இரண்டையும் அவனிடம் நீட்டினார்.

“எத்தனை அடி?”

“ஏழு.”

“அடிங்க.”

“நானா? உங்க கைக்கு என்ன?”

“இருநூறு பொம்பளைங்களை இந்தக் கையால மரத்துல அறைஞ்சிருக்கேன். போதும்.”

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் பேயாக வருபவளின் முகம் வந்தது. பாதி எரிந்த முகம். ஒவ்வொரு அடிக்கும் அவள் கண் சுருங்கும். கண் சுருங்குகிற நொடியில் சுத்தியல் விழ வேண்டும்.

“கட்டையைப் பார்க்காதீங்க. படத்தோட சேராது. அவளைப் பாருங்க.”

அவன் அவளைப் பார்த்து அடித்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது அடி ஆணியின் தலையில் பட்டு வழுக்கியது. அவன் நிறுத்திவிட்டான். டீச்சர் படத்தை அந்த முகத்திலேயே நிறுத்தினார்.

“என்ன ஆச்சு?”

“அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிட்டா.”

“சொல்லிக்குடுத்தது நீங்கதானே. யாரை மாதிரி பார்க்கச் சொன்னீங்க?”

அவன் சொல்லத் தேவையில்லை. இந்திராணியை டீச்சருக்குத் தெரியும். அவன் தங்கை. கல்யாணமான பதினாலாவது மாதம் புருஷன் வீட்டுச் சமையற்கட்டில் எரிந்துபோனாள். ஸ்டவ் வெடித்தது என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்டவ் ஒரு நெளிசல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது.

“அவளுக்காகத்தான் இந்தப் படமே,” என்றான். குரல் உயர்ந்தது. “அவளுக்கு நடந்ததை ஊர் பார்க்கணும்னு எடுத்தேன்.”

“ஊர் பார்த்துக்கிட்டுதான் இருந்தது. ரேடியோவைக் கூட்டி வெச்சது. எரிச்சவங்க உங்க படத்துல என்ன ஆனாங்க?”

“பழைய கதையோட முடிஞ்சிடறாங்க.”

“சும்மா முடிஞ்சிடறாங்க. செத்தவளுக்கு ஆணி. ரேடியோ வெச்சவங்களுக்குப் பால்.”

“கடைசியில பேயைக் கட்டணும், டீச்சர். கட்டலைன்னா ஜனங்க நிம்மதியா வீட்டுக்குப் போக மாட்டாங்க.”

“எந்த ஜனங்க?”

“உங்களுக்கு என்ன தெரியும்?” என்றான். “அவ ரெண்டு தடவை கிளம்பி எங்க வீட்டுக்கு வந்தா. ரெண்டு தடவையும் நான்தான் மொபெட்ல கொண்டுபோய் விட்டேன். அனுசரிச்சுப் போன்னு சொன்னேன். வழி பூரா ஒரு வார்த்தை பேசலை. அவங்க வாசல்ல இறங்கினா. திரும்பி என்னைப் பார்த்தா.”

“எப்படிப் பார்த்தா?”

திரையில் அந்தக் கண்கள் அசையாமல் இருந்தன.

டீச்சர் கட்டையை மைக் பக்கம் நேராக்கினார். பிறகு சொன்னார்.

“இன்னும் மூணு அடி பாக்கி.”

அவன் சுத்தியலை ஓங்கினான். அவரை அடிக்கத்தான் ஓங்கினானோ என்று அவனுக்கே தெரியாது. ஓங்கிய கை மேலேயே நின்றது.

பிறகு சுத்தியலைத் திருப்பிப் பிடித்தான். பிளவுபட்ட பக்கத்தை ஆணியின் தலைக்குக் கீழே கொடுத்தான். முழங்காலைக் கட்டையில் ஊன்றி, பல்லைக் கடித்து, இழுத்தான்.

புளி லேசில் விடுகிற மரம் அல்ல. முதலில் முனகியது. பிறகு அலறியது.

ஆணி வளைந்து அவன் கையோடு வந்தது.

சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தான். டீச்சர் பதிவை நிறுத்தவே இல்லை.

“இந்தச் சத்தத்தை எங்க போடறது?” என்று கேட்டார்.

சிவநேசன் ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“பால் பொங்குற இடத்துல.”