பரிசோதகரும் நாலு மூலங்களும்

“டீச்சர், நான் ஊருக்குப் போறேன்” என்றார் மாசானமுத்து.

தோளில் பை. நாலரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அறுபது வயதில் கணக்குப் படிக்க ஆசைப்பட்டு, மலையடிவாரத்தில் ரெஜினா டீச்சரின் குடிலுக்கு வந்தார். ஊரே சிரித்தது. டீச்சருக்கு முப்பது வயதுதான்.

குடிலில் ஒரு வழக்கம். வந்தவருக்கு ஒரு சமன்பாடு. அதன் மூலங்கள், அதாவது விடைகள், எத்தனை, எந்த வகை என்று பத்து நாளில் சொன்னால் தங்கலாம். இல்லையென்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இன்று பத்தாம் நாள்.

“என்ன ஆச்சு, அண்ணாச்சி?”

“நாலாம் படிச் சமன்பாடு. அப்ப மூலம் நாலு. அது நிச்சயம்.”

“குறி விதி என்ன சொல்லுது?”

“பிளஸ்ஸும் மைனஸும் நாலு தடவை மாறுது. அதனால பிளஸ் பக்கம் நாலு இருக்கலாம், இல்லன்னா ரெண்டு, இல்லன்னா ஒண்ணுமே இல்ல. மைனஸ் பக்கம் கிடையவே கிடையாது.”

“தேடினீங்களா?”

“அங்குலம் அங்குலமா. வளைகோடு எண்கோட்டைத் தொடவே மாட்டேங்குது. எனக்கு மண்டையில ஏறல, டீச்சர்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், சிரித்த ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவார்?

டீச்சர் மணலில் குச்சியால் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

“இது உங்க எண்கோடு. இதையே பஸ்ஸுன்னு வைங்க. ஏறிச் சோதனை போடறீங்க. டிக்கெட் இல்லாம ஒருத்தனும் இல்ல. ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?”

“‘இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.”

“வெறுங்கையோட இறங்கறோமேன்னு அழுவீங்களோ?”

“எதுக்கு அழணும்? முழுசாப் பார்த்தாச்சுல்ல?”

டீச்சர் மணலில் இழுத்த கோட்டைக் குச்சியால் தட்டினார்.

மாசானமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த மூலங்க நாலு பேரும் எங்க?” என்று மெல்லக் கேட்டார்.

டீச்சர் கோட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் விரலை ஊன்றினார். நேர் கீழே, அதே தூரத்தில், இன்னும் இரண்டு.

பை தோளிலிருந்து இறங்கியது. மாசானமுத்து குச்சியை வாங்கி மணலில் எழுதினார்: ‘மெய் மூலம் இல்லை. கோட்டுக்கு வெளியே கலப்பெண் மூலம் நாலு, ஜோடி ஜோடியாக.’

பழக்கதோஷம், அடியில் கையெழுத்தும் போட்டார்.

ரோட்டில் ஹாரன் கேட்டது.

“பஸ் போகுது, அண்ணாச்சி.”

“போகட்டும், டீச்சர். அதுல நான் இல்ல.”