பேறுகால அறையும் கடப்பாரையும்

முன்னொரு காலத்தில், தாழம்புதர் மண்டிய தாழைநாட்டை விசயதுங்கன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனசுக்காரன். ஓயாத ஒரு வறட்டு இருமலைத் தவிர உடம்புக்குக் குறையில்லை. புத்திதான் நிலையில்லை. வறுவல் செய்யச் சொல்லுவான், இலை போட்டதும் கூட்டு எங்கே என்பான்.

அவனுக்கு ஒரே மகள், அல்லிநங்கை. சின்னதிலேயே தாயை இழந்த பெண். பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்ததும் ராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே! என் அறையை ஒட்டியே அவளுக்குப் புதிதாக ஓர் அறை கட்டுங்கள்" என்று மந்திரி மருதநம்பியிடம் சொன்னான்.

மந்திரி மனைப்பூஜை போட்டு வேலையை ஆரம்பித்தார். சுவர் இடுப்பளவு எழும்பியது. அந்த மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவர் சங்கநாதர் என்ற பிரதானி. அவர் மெல்ல வாயைத் திறந்தார்.

"மகாராஜா, ஜன்னல் கிழக்கே பார்க்கிறதே. நந்தவனம் தெற்கிலல்லவா?"

"அட, ஆமாம்! இடியுங்கள்!"

மறுபடி சுவர் எழும்பியது.

"இளவரசிக்கு ஊஞ்சல் போட இடம் வேண்டாமா, மகாராஜா?"

"வேண்டும், வேண்டும்! சுவரைத் தள்ளிக் கட்டுங்கள்!"

கொத்தனார் சீராளன் மந்திரியிடம் வந்து தலையைச் சொறிந்தான். "சாமி, நான் கட்டினதைவிட இடிச்சதுதான் ஜாஸ்தி. ஊர்ல என் தொழில் என்னன்னு கேட்டா என்ன சொல்றது?"

பிறகு ஒருநாள் சபையில் சங்கநாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"மழைக்காலம் நெருங்குகிறது. அறைக்குக் கூரையே இல்லை. பாவம், மந்திரியாருக்கு வயசாகிவிட்டது. நம் முறை எல்லாருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சி வாசல்படி மிதித்துவிட்டால் அந்த வீட்டில் கடப்பாரை எடுக்கலாகாது. ஓர் ஆணிகூட அடிக்கலாகாது. ராஜாவே ஆனாலும் மீறக் கூடாது!"

"சரியாகச் சொன்னீர்! குலதெய்வத்தின் மேல் ஆணை. அவள் வந்தபின் இங்கே ஒரு கல்லும் அசையக் கூடாது. மந்திரியாரே, ஒன்பதாம் மாதம் அவளை அழைத்து வருகிறோம். அதற்குள் அறை முடியாவிட்டால் நீர் மூட்டையைக் கட்டலாம்."

"உத்தரவு, அரசே" என்றார் மந்திரி.

ராஜா வரி கட்டும் ஊர்களைப் பார்க்கப் போன சமயமாகப் பார்த்து மந்திரி ஆட்களை முடுக்கிக் கூரையைப் போட்டு முடித்தார். திரும்பி வந்த ராஜாவின் காதில் சங்கநாதர் மறுபடி ஓதினார். "மேலே ஒரு நிலாமாடம் கட்டி, இளவரசியை அங்கேயே தங்க வைத்தால்?"

"வயிற்றுப் பிள்ளையோடு படியேறவா?" என்றார் மந்திரி.

"பல்லக்கில் வைத்துத் தூக்கினால் போச்சு!"

"கூரையைப் பிரியுங்கள்!" என்றான் ராஜா.

அன்று சாயங்காலம் மந்திரி போய்ப் பார்த்தபோது, ராஜா அந்தப் புது அறையில் தனியாக நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நம்பி, அவள் அம்மா இருந்திருந்தால் பெண்ணுக்கு எது வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லையே. எதைக் கட்டினாலும் போதாத மாதிரியே இருக்கிறது."

மந்திரிக்கு நெஞ்சு இளகிவிட்டது. பிறகு சொன்னார்: "பிரித்துவிடலாம், அரசே. தேய்பிறையில் வேண்டாம், வளர்பிறை பிறக்கட்டும். அதுவரை ஆட்கள் சும்மா இருப்பானேன்? உள்ளே பூசட்டும், கதவு மாட்டட்டும்."

"இடிக்கப்போகிற அறைக்குப் பூச்சாம்!" என்று சங்கநாதர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மந்திரியோ சம்பந்தி நாட்டுக்கு ஓர் ஆளை அனுப்பி வைத்தார்.

வளர்பிறை பிறந்தது. சீராளன் கூரைமேல் ஏறிக் கடப்பாரையை ஓங்கினான். அந்த நேரம் பார்த்து வாசலில் பல்லக்கு வந்து இறங்கியது. இரண்டு கையிலும் வளையல் குலுங்க அல்லிநங்கை படியேறி உள்ளே வந்தாள்.

"அம்மாடி! நீ ஒன்பதாம் மாதம் அல்லவா வர வேண்டும்?"

"நீங்கதானேப்பா ஏழாம் மாசமே வளைகாப்பு போட்டு அனுப்பச் சொல்லி ஆள் அனுப்பினீங்க?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"துரோகம்! மகாராஜா பேரில் பொய்ச் சேதி!" என்று குதித்தார் சங்கநாதர். "ஏ கொத்தனாரே, என்ன வேடிக்கை? பிரி கூரையை!"

"பிரிக்கலாம், பிரதானியாரே" என்றார் மந்திரி. "ஆனால் பிள்ளைத்தாய்ச்சி வாசல்படி மிதித்தாயிற்றே! ராஜாவே ஆனாலும் மீறக் கூடாது என்று சபையில் சொன்னது யார்?"

சீராளன் கேட்டான்: "நான் இறங்கிடவா, சாமி?"

இந்தக் கூச்சல் எதையும் அல்லிநங்கை காதில் வாங்கவில்லை. நேரே புது அறைக்குள் போய்க் கட்டிலில் சாய்ந்தாள்.

"அப்பா, நீங்க இருமினா இங்கே கேட்குமா?"

"கேட்குமே அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம்தானே நான் படுக்கிறேன்."

"அது போதும்ப்பா. அம்மா போனப்புறம் அந்த இருமலைக் கேட்டுத்தான் தூங்குவேன். அங்கே போய் இத்தனை நாளா எனக்குச் சரியாத் தூக்கமே இல்லை."

சொல்லி முடிக்கவில்லை, கண் அயர்ந்துவிட்டாள். ராஜா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். மாடம் கட்டியிருந்தால் அவன் இருமல் அவளுக்கு எட்டியிருக்காதே!

"மந்திரியாரே, என் பேரில் பொய் சொன்னீர். அதற்குத் தண்டனை உண்டு. என் பேரப்பிள்ளை பிறந்ததும் அதன் நாக்கில் சேனைத்தண்ணீர் நீர்தான் தொட்டு வைக்க வேண்டும். உம் குணம் அதற்கு வரட்டும். சங்கநாதரே, பிரசவம் ஆகும்வரை நீர் வாசலில் நில்லும். ஒருவரும் சத்தம் போடக் கூடாது. முக்கியமாக நீர்!"

பாவம், சங்கநாதர் காக்காயைக்கூடக் கிசுகிசுத்த குரலில்தான் விரட்டினாராம்.

ஐப்பசி மழை கொட்டுகிற ஒரு விடியலில் பெண் குழந்தை பிறந்தது. கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மந்திரி சேனை வைத்தார். அப்படியும் குழந்தை வீறிட்டு அழுதது. சுவருக்கு அந்தப் பக்கம் ராஜா ஒரு தரம் இருமினான். அழுகை டக்கென்று நின்றது.

மசக்கையும் பாரமுமாய் மகள் வந்து சாய்கிற வீட்டிலெல்லாம் அப்படி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, அம்பாள் துணையிருக்கட்டும்.