பேன் கடந்த வழி

“எழுபதாயிரம் வருஷத்துக்கு முந்தி மனுஷன் எங்கெங்க நடந்தான்னு பேன் சொல்லுதாம். ஐம்பது வருஷத்துக்கு முந்தி எங்கம்மா மனசுல என்ன இருந்துச்சுன்னு அது சொல்லாதா, டீச்சர்?”

கேட்டவர் மருதை. தேயிலை ஃபாக்டரியில் முப்பத்தெட்டு வருடம் இலை வாட்டி ஓய்வு பெற்றவர்.

மெகருன்னிசா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“முதல்ல காலை நீட்டுங்கண்ணே.”

கோத்தகிரிச் சரிவில் இருந்த அந்த ஆய்வுக் கூடத்தில் அது வழக்கம். கேள்வியோடு வருகிறவர் யாரானாலும் பத்து நிமிடம் பேனுக்குக் கால் கொடுக்க வேண்டும். பேன்கள் அதிக நாள் பட்டினி தாங்காது.

அங்கே பேன்களை ஆராயும் மெகருன்னிசா மருதையைவிடப் பதினைந்து வயது இளையவர். ஊரில் பேன் டீச்சர் என்றால்தான் தெரியும்.

மூன்று மாதமாக மருதை சனிக்கிழமை தவறாமல் வந்து காலை நீட்டிவிட்டுப் போனார். கேள்வி இன்றுதான் வெளியே வந்தது.

“பேரனுக்கு ஒரு பிஸ்கட் வாங்கித் தர வழியில்ல, பேனுக்குச் சோறு போடப் போறாராம்” என்று புறப்படும்போது மனைவி பஞ்சவர்ணம் சொல்லியிருந்தாள்.

பேன்கள் ஊர்ந்த, வலை கட்டிய சிறு டப்பாவை மெகருன்னிசா அவருடைய கெண்டைக்காலில் கட்டினார்.

“கடிக்குதா?”

“எஸ்டேட் அட்டை கடிச்சதுக்கு இதெல்லாம் ஒரு கடியா?”

“இது சீலைப்பேன். துணி மடிப்புல குடியிருக்கும். தலைப்பேன்லருந்து பிரிஞ்சு வந்தது.”

“எப்ப?”

“மனுஷன் துணி உடுத்தின பிறகு. சீலை இல்லாம சீலைப்பேன் ஏது? அது பிரிஞ்ச காலத்தைக் கணக்குப் போட்டா, மனுஷன் உடம்பை எப்ப மூடினான்னு ஏறக்குறைய தெரியும். மூடின பிறகுதானே அவனால குளிர் நாட்டுப் பக்கம் போயிருக்க முடியும்?”

“எலும்பு சொல்லாதா இதை?”

“எலும்பு செத்த இடத்தைச் சொல்லும். உடுத்தின துணி மக்கிப் போச்சு. பேன் மட்டும் கூடவே வந்துச்சு.”

மருதை டப்பாவைப் பார்த்தார்.

“இன்னொண்ணும் சொல்றாங்க” என்றார் மெகருன்னிசா. “போற வழியில நம்ம ஆளுங்க வேற வகை மனுஷங்களைப் பார்த்திருக்காங்க. அந்த வகை இப்ப இல்ல. அவங்க தலையில இருந்த பேன் நம்ம தலைக்கு வந்திருக்கலாம்னு சிலர் சொல்றாங்க.”

“சண்டை போட்டாங்களா, சேர்ந்து இருந்தாங்களா?”

மெகருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

“உங்க கதையைச் சொல்லுங்க” என்றார்.

மருதைக்குச் சொல்ல அதிகம் இல்லை. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்து ஆட்களை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்ட காலம். அப்பா பெயர் இந்தியா போகிறவர்கள் பட்டியலில். அம்மா ராமாயியின் பெயர் அங்கேயே இருக்கிறவர்கள் பட்டியலில். அப்பா செத்துப் போனார். ஆறு வயது மருதை அப்பா பட்டியலில் நின்றான். மாமாவோடு அனுப்பினார்கள்.

“பொறப்படறதுக்கு ரெண்டு நாள் முந்தி தோட்டத்து டாக்டர் என் தலைக்கு மருந்து போட்டு, சீப்பால வாரி, சுத்தம்னு சீட்டு எழுதினார். ஒரு பேன்கூட இல்ல. சீட்டு வாங்கின பிள்ளையை யாரும் தொடக்கூடாது. திரும்ப பேன் ஏறினா கப்பல் கிடையாதுன்னு கண்டிஷன். நாங்க வரிசையா குடியிருந்த லயம் பூரா பேன். அம்மா தலையில சொல்லவே வேணாம்.”

“அப்புறம்?”

“என்னை அடுத்த அறையில, மாமா காம்பராவுல படுக்க வெச்சாங்க. ரெண்டு ராத்திரி. மாமா ஒண்டிக்கட்டை. அவரும் நானும்தான். போற அன்னைக்குக் காலையில லாரி வந்து நின்னுச்சு. அம்மா தண்ணிப் பீப்பா பக்கத்துல நின்னா. கையைப் பின்னால கட்டிக்கிட்டு. நான் கத்துறேன். ஓரடி முன்னால வரல.”

டப்பாவின் வார் தளர்ந்திருந்தது. மெகருன்னிசா இறுக்கினார்.

“அப்புறம் கடுதாசி வந்துச்சு. நின்னுச்சு. அம்மா செத்துட்டாள்னு ஆள் வந்து சொன்னாங்க. என் கேள்வி ஒண்ணுதான் டீச்சர். கப்பல் கெடக்கட்டும். போற பிள்ளையை ஒரு தரம் கட்டிப் பிடிக்க மாட்டாளா ஒருத்தி?”

“இங்க வந்து சேர்ந்ததும் என்ன நடந்துச்சு?”

“பொறப்பட்ட மூணாம் நாள், வந்து எறங்கின உடனே முகாமுல மொட்டை அடிச்சாங்க. எனக்கு அதுல வேற அவமானம்.”

“ஏன் மொட்டை?”

“பேன்தான்.”

மெகருன்னிசா எழுந்துபோய் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரே ஒரு தலைப்பேன். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் தலையில் எடுத்தது.

தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார். கையை நீட்டினார். மருதையும் ஒன்று பிடுங்கிக் கொடுத்தார். ஒன்று கறுப்பு. ஒன்று நரை.

பலகையில் குண்டூசி குத்தி, இரண்டையும் ஒரு விரல் இடைவெளியில் இழுத்துக் கட்டினார். கறுப்பு முடியில் பேனை விட்டார்.

பேன் நடந்தது. முனைக்குப் போனது. நின்றது. திரும்பியது. மறுபடி முனை. மறுபடி திரும்பல்.

“அந்தப் பக்கம் போகலையே” என்றார் மருதை.

“போகாது.”

“குதிக்காதா?”

“குதிக்காது. பறக்காது.”

“அப்ப அந்தக் காலத்துல, வேற வகை மனுஷங்க தலையிலருந்து நம்ம தலைக்கு...”

மெகருன்னிசா ஒரு குண்டூசியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார். நரைமுடியின் நுனி அதில் கட்டியிருந்தது.

மருதை அதைக் கறுப்பு முடியின் பக்கமாக நகர்த்தினார். இரண்டு முடியும் ஒட்டி நின்றன.

பேன் நரைமுடிக்கு மாறியது.

மருதை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. டப்பாவைக் கழற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

“கப்பல்ல யார் பக்கத்துல படுத்தீங்க?” என்று மெகருன்னிசா கேட்டார்.

“யார்கிட்டயும் போகல. ரயில்லயும் கப்பல்லயும் மாமா மடியை விட்டு நான் எறங்கல.”

சொல்லும்போதே மருதையின் கை தானாக எழுந்து தலைக்குப் போனது.

“டீச்சர்...”

“சொல்லுங்கண்ணே.”

“எங்க மாமாவுக்கு முழு வழுக்கை.”