இடக்காதுக்குச் சின்னது

"அம்மா, எனக்குக் கொஞ்சம் அமைதி வேணுமுங்க" என்று கத்தினார் சென்னியப்பன்.

அமைதியைக் கத்திக் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். தாம் கத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் விசைத்தறிப் பட்டறையில் நின்றவர். எட்டுத் தறி ஒன்றாய் ஓடுகிற இடத்தில் பக்கத்து ஆளிடம் வெற்றிலை வேண்டுமென்றாலும் கத்தித்தான் ஆக வேண்டும்.

அவர் கேட்டது பாவாயம்மாவிடம்.

பாவாயம்மாவுக்கு நாற்பது வயது. சென்னியப்பனைவிடப் பதினாலு வயது சின்னவர். முன்பு அரிசி ஆலையில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். இப்போது அதே ஆலையின் சுவரை ஒட்டிய பழைய கிடங்கில் ஒரு விளக்கு, ஒரு சாமி படம், ஒரு பாய் என்று இருக்கிறார். மனசு கலங்கியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். வயதில் பெரியவர்களை அவர் அண்ணா, அக்கா என்பார். அவர்கள் அவரை அம்மா என்பார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னாச்சுங்கண்ணா?"

அது சென்னியப்பன் காதில் விழவில்லை. ஆனால் தறிக்காரர்களுக்கு எதிராளியின் உதட்டைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

"நாலு மாசமாக் காதுக்குள்ள வண்டு குடியிருக்குதுங்க. நிக்காமக் கத்துது. போன காது போனதுதான், இருக்கறதையாவது காப்பாத்திக்க, சத்தத்துல நிக்கறப்ப காதுல பிளக் வெச்சுக்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"வெச்சீங்களா?"

"வெச்சேனே. மொதல்ல மஞ்சளாப் பஞ்சு மாதிரி ஒண்ணு. ஊரே செத்துப்போன மாதிரி அடைச்சிருச்சுங்க. ஒரு தறி சுதி மாறுனது தெரியல. நூலை இழுத்துட்டு ஓடற நாடா சிக்கி ஒரு முழம் துணி வீணாப்போச்சு. அப்புறம் ரப்பர்ல ஒண்ணு வாங்குனேன். கழுவிக் கழுவி வெச்சுக்கலாமுன்னாங்க. நடுவுல பொடி ஓட்டை. சத்தத்தைக் குறைச்சு, பேச்சையும் பாட்டையும் உள்ள விடுமாம். பெட்டியில மூணு அளவு இருந்துச்சு. பெருசுதான நல்லா அடைக்கும்னு பெருசா எடுத்து ரெண்டு காதுலயும் சொருகுனேன். பத்து நிமிஷத்துல நோவு தாங்கல. கழட்டிப் பெட்டியிலயே போட்டுட்டேன்."



சென்னியப்பனின் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

"தறி போனாப் போகட்டுமுங்க. நான் தவில்காரன். எங்கப்பன் வாசிச்ச தேருக்கு முன்னால முப்பது வருஷமா நான் வாசிக்கறேன். போன மாசம் ஒரு கல்யாணத்துல நாயனம் நின்ன பொறவும் நான் அடிச்சுக்கிட்டே இருந்தேன். சனம் சிரிச்சுது. தேருக்கு நாலு நாள் முன்னாடி ஒத்திகை வெச்சிருக்கறான் நாயனக்கார வெள்ளியங்கிரி. 'அதுல நீங்க என் மூச்சைப் புடிக்கலீன்னா தேருக்கு வேற தவிலைக் கூட்டியாந்துருவேன், வருத்தப்படாதீங்க மாமா'ன்னுட்டான். இன்னும் பன்னெண்டு நாள்தானுங்க இருக்குது தேருக்கு."

பாவாயம்மா எழுந்தார். விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சாமி படத்தருகே போனார்.

பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற அர்த்தநாரி படம்.

விளக்கை வலக்காதுப் பக்கம் காட்டினார். அங்கே குண்டலம் தொங்கியது. இடக்காதுப் பக்கம் காட்டினார். அங்கே தோடு மின்னியது.

"ரெண்டு காதையும் நல்லாப் பாத்துக்குங்கண்ணா."

அவ்வளவுதான். விளக்கு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

சென்னியப்பன் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார். முதுகுக்குப் பின்னால் பாவாயம்மா என்னவோ சொன்னார். என்னவென்று விளங்கவில்லை. ஆசீர்வாதமாகத்தான் இருக்கும்.

"அப்படியே ஆகட்டுமுங்கம்மா" என்று நெஞ்சை நிமிர்த்தி வெளியே போனார்.

கிடங்கின் நிலைவாசல் குட்டை. நடுநெற்றியில் மடாரென்று இடித்தது.

*

"எந்தச் சாமி வெச்சுவிட்ட பொட்டு இது? நல்லாச் செவந்திருக்குது" என்றாள் அவர் மனைவி தெய்வானை.

"சிரிக்காத. கெளம்பறப்ப அந்தம்மா ஒரு மந்திரம் சொல்றாங்க. நேராச் சொல்லல. பின்னாலிருந்து சொல்றாங்க. அப்படின்னா அது எவ்வளவு பெரிய மந்திரமா இருக்கும் பாரு."

"என்ன மந்திரம்?"

"காதுல விழலையே."

"திருப்பிக் கேக்கறது?"

"மந்திரத்தைத் திருப்பிக் கேக்கக் கூடாதுடி."

தெய்வானை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

*

சென்னியப்பன் இரண்டு நாள் யோசித்தார்.

சாமிக்கு ஒரு காதில் ஒன்று, மறு காதில் வேறொன்று. அப்படியென்றால் ஒரு காதை மூட வேண்டும், ஒரு காதைத் திறந்து வைக்க வேண்டும். மூடின காது சாமிக்கு. திறந்த காது சனத்துக்கு. ஆகா, எத்தனை பெரிய விஷயத்தை ஒரு விளக்கைக் காட்டிச் சொல்லிவிட்டார் என்று மெய்சிலிர்த்துப் போனார்.

வலக்காதில் மட்டும் பெரிய பிளக்கை அழுத்திச் சொருகிக்கொண்டு, தவிலைத் தூக்கிக்கொண்டு வெள்ளியங்கிரி வீட்டுக்குச் சாதகம் பண்ணப் போனார்.

தவிலின் வலப்பக்கம் விரலில் வாசிப்பது. இடப்பக்கம் குச்சியில் வாசிப்பது. வலக்காது அடைத்துவிட்டதால் வலப்பக்கத்து நாதம் அவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தார். போதவில்லை. இன்னும் ஓங்கினார்.

வெள்ளியங்கிரி நாயனத்தை மடியில் சாய்த்துவிட்டுப் பார்த்தான்.

"மாமா, நாயனத்தோட வாசிக்கறீங்களா, நாயனத்தைப் போட்டு அடிக்கறீங்களா?"

சென்னியப்பன் வலக்காதுப் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"ஒத்திகைக்கு இன்னும் ஆறு நாள் இருக்குது. பாத்துக்குங்க" என்றான் வெள்ளியங்கிரி. இந்தத் தடவை அவன் கேலியாகச் சொல்லவில்லை.

*

அங்கிருந்து நேராகத் தவிலோடு பாவாயம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்.

"என்னால முடியலீங்கம்மா."

பாவாயம்மா அவர் இடுப்பில் தொங்கிய சுருக்குப் பையைக் காட்டினார்.

"அதுல என்னங்கண்ணா?"

"விரல் கூடுங்க. தோல்ல அடிக்கறப்ப வெரலு புண்ணாகாம இருக்க மாட்டிக்கறது. துணியும் பசையும் சுத்திச் சுத்திக் காய வெச்சு நானே செஞ்சது."

"கொட்டுங்க."

பாயில் கொட்டினார். பாவாயம்மா சோழி கலைப்பது போல் அவற்றைக் கலைத்துவிட்டார்.

"போட்டுக் காட்டுங்க பாக்கலாம்."

சென்னியப்பன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையால் தடவித் தடவி ஒவ்வொரு விரலுக்கும் அதனதன் கூட்டை மாட்டிவிட்டார். முப்பது வருஷப் பழக்கம்.

பாவாயம்மா நடுவிரல் கூட்டைக் கழற்றி நீட்டினார்.

"இதைச் சுண்டு விரலுக்குப் போடுங்க."

"கழண்டு விழுந்துருமுங்க."

சுண்டு விரல் கூட்டை நீட்டினார்.

"அப்ப இதை நடுவிரலுக்கு."

"ரத்தம் கட்டிருமே. எப்படிங்கம்மா வாசிக்கறது?"

"எல்லா வெரலுக்கும் பெருசா ஒண்ணு செஞ்சுக்கிட்டா என்ன? பெருசுதான நல்லது?"

சென்னியப்பன் சிரித்துவிட்டார். இந்த அம்மாவுக்குத் தவிலைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்றிருந்தது.

"பெருசு சின்னது என்னங்க. அதது வெரலுக்கு ஏத்தாப்புல இருந்தாத்தான் கூடு. ஒரே கையில பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு வெரலே ஒண்ணு போல இல்லீங்க, அப்புறம் எப்படி..."

பேச்சு பாதியில் நின்றது.

கூடு மாட்டிய கை மெதுவாக வலக்காதுக்குப் போனது. மறு கை இடக்காதுக்குப் போனது. சாமி படத்தைப் பார்த்தார். குண்டலத்தைப் பார்த்தார். தோட்டைப் பார்த்தார்.

மடியிலிருந்து அந்த ரப்பர் பிளக் பெட்டியை எடுத்தார். மூன்று அளவும் அதற்குள்ளேயே கிடந்தன.

"அப்படியே சொருகாதீங்க" என்றார் பாவாயம்மா. "ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கறப்ப வாத்தியாரு கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னாருல்ல? அதே மாதிரி போடுங்க. காதை மேலயும் பின்னாலயும் லேசா இழுங்க. இன்னொரு கையில மெல்லத் திருகி விடுங்க. நோவு எடுத்தா அது உங்க அளவு இல்ல."

ஐம்பத்து நாலு வயசில் சென்னியப்பன் தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைப் பிடித்தார்.

"என்னையச் சேத்துக்குவாருங்களா வாத்தியாரு?"

"சேத்தாச்சு."

வலக்காதுக்கு நடு அளவு சரியாக உட்கார்ந்தது. இடக்காதுக்கு அதுவே இறுக்கியது. எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தார்.

சின்னது, இருப்பதே தெரியாமல் இருந்தது.

ஆலை நாலு தெரு தள்ளிப் போய்விட்டது. நிற்கவில்லை. ஓடுகிறது. ஆனால் அங்கே ஓடுகிறது. இங்கே வேறு என்னவோ கேட்டது. உஸ்... உஸ்... என்று யாரோ பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குவது போல. யாரென்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அவருடைய மூச்சுதான் அது.

"அம்மா" என்றார். தன் குரலே தலைக்குள் கோயில் மணி மாதிரி முழங்க, அவசரமாகக் குரலைத் தணித்தார். "அம்மா, நான் இத்தன சத்தமாவா பேசிக்கிட்டிருந்தேன்?"

பாவாயம்மா சிரித்தார்.

"உங்க காது என்ன பாடு பட்டிருக்கும். மன்னிச்சுக்கோணுமுங்க."

பாவாயம்மா தலைக்கு மேல் கையைப் போட்டுத் தம் வலக்காதிலிருந்து ஒன்றை எடுத்தார். இடக்காதிலிருந்து ஒன்றை எடுத்தார். தோல் நிறத்தில் பொடிசாக இரண்டு. கிண்ணத்துச் சோப்புத் தண்ணீரில் அலசி வெள்ளைத் துணியில் வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சின்னது.

சென்னியப்பன் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"அப்ப நான் பேசுனது எதுவும் உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கத்துனது வரலீங்கண்ணா. சொன்னது வந்துச்சு."

பிறகு, "தெனமும் கழுவி நல்லாக் காய வெச்சுக்குங்க. ஈரத்தோட வெக்காதீங்க" என்றார்.

சென்னியப்பன் தம்முடைய இரண்டையும் கழற்றி, நகையைப் போல் பெட்டியில் வைத்து மூடினார். தவிலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் அந்த மந்திரம் மறுபடியும் வந்தது. ஆலைச் சத்தத்தில் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"உங்க வாக்குப்படியே நடக்கட்டுமுங்க" என்று நிமிர்ந்து நடந்தார்.

மடார்.

*

மறுநாளிலிருந்து பட்டறையில் நிற்கும் நேரமெல்லாம் இரண்டு காதிலும் இரண்டு அளவு. எட்டுத் தறியும் ஓடின. ஆனால் எட்டும் தனித்தனியாக ஓடின. மூன்றாம் தறியில் நாடா ஒரு நூல் தடுமாறியபோது, சிக்குவதற்கு முன்னமே சென்னியப்பன் கை அங்கே போய்விட்டது.

நாலாம் நாள் காலையில் எழுந்தபோது வண்டு கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது. போகவில்லை. தள்ளிப் போயிருந்தது. அதுவே போதுமென்று முருகா என்றார்.

"ஒரு சொம்புத் தண்ணி குடு" என்றார் தெய்வானையிடம், மெதுவான குரலில்.

தெய்வானை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன தப்புப் பண்ணுனீங்க?"

"ஏன்டி?"

"இல்ல, கெஞ்சறீங்களே."

*

ஒத்திகையன்று வெள்ளியங்கிரி நாயனத்தை எடுத்தான்.

வாசிப்பதற்கு முன் அவன் நெஞ்சுக்குள் இழுத்த மூச்சு சென்னியப்பனுக்குக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அதை அவர் கண்ணால்தான் பார்த்திருந்தார்.

நாயனம் ஏறியது. தவில் கூடவே ஏறியது. நாயனம் வளைந்தது. தவில் வளைந்தது. வலப்பக்கமும் இடப்பக்கமும் தராசு முள் மாதிரி நின்றன.

வெள்ளியங்கிரி சட்டென்று நிறுத்தினான்.

தவிலும் நின்றது. வாசலில் ஒரு காக்கை கரைந்தது மட்டும்தான் மிச்சம்.

அவனுக்குச் சந்தேகம் போகவில்லை. மறுபடி எடுத்து, நிறுத்தக் கூடாத இடத்தில், வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினான்.

தவில் அங்கேயும் அவனுக்கு முன்னால் போகவில்லை.

வெள்ளியங்கிரி நாயனத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, சென்னியப்பன் காதுக்குள் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இது எங்க கெடைக்குது?"

"கெடைக்கும். உன் காது என்ன அளவு?"

"தெரியலையே."

"எந்தக் காது தெரியல?"

வெள்ளியங்கிரிக்கு அது விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "தேருக்குப் புது வேட்டி எடுத்துக்குங்க மாமா" என்றான்.

*

தேரன்று காலை புது வேட்டியும் தவிலுமாகக் கிடங்குக்கு வந்தார் சென்னியப்பன். ஆலை ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு காதிலும் பிளக்கை வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். நெற்றியில் இரண்டாவது புடைப்பு இன்னும் முழுசாக வற்றவில்லை.

தேங்காயும் பழமும் வைத்துக் கும்பிட்டார். பாவாயம்மா திருநீறு கொடுத்தார்.  

சென்னியப்பன் எழுந்து, திரும்பி, நிமிர்ந்து நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் அந்த மந்திரம் வந்தது.

ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக, காதில் விழுந்தது.

"தலையைக் குனிஞ்சு போங்கண்ணா."

கால் அப்படியே நின்றது. நிலைவாசல் மரம் அவர் நெற்றிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது.

திரும்பாமலே கேட்டார், மெதுவாக.

"இதைத்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னீங்களாம்மா?"

"மொத நாள்லயிருந்து."

"நான் மந்திரமுன்னு நெனச்சுட்டேனுங்க."

ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், எங்கேயோ தேர் நிறுத்தியிருக்கும் தேர்முட்டியில், வெள்ளியங்கிரி நாயனத்துக்குச் சுதி சேர்ப்பது கேட்டது.

"நேரமாச்சுங்கண்ணா" என்றார் பாவாயம்மா.

சென்னியப்பன் குனிந்தார்.