எதிர்ப்பக்கத்துப் பெஞ்சு

மலையடிவாரத்துல ஒரு நாடு. சுத்தியிருந்த நாடுகளெல்லாம் ஒன்றியமாச் சேர்ந்து செழிப்பா வியாபாரம் பண்ணுச்சு. இந்த ராஜாவுக்கும் அதுல சேர ஆசை. ஆசைப்பட்டா விடுற ஆளா அவரு? மாமனார் வீட்டு மயிலையே கேட்டு வாங்கிட்டு வந்தவரு! அது வந்து ஒரு வாரம் அகவவே இல்ல, பாவம். அது கிடக்கட்டும். ஒன்றியத்துக்காரங்க, "உங்க சபையில உங்களை எதிர்த்துப் பேச ஆள் இருக்கணும். அப்பத்தான் சேத்துக்குவோம்"னுட்டாங்க.

லாயம் கூட்டுற செவத்தையாவைப் பிடிச்சு எதிர்ப்பக்கத்துப் பெஞ்சுல உக்கார வச்சாரு ராஜா. "இனிமே நீதான்டா எதிர்க்கட்சி. ஆனா என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினே, தலை இருக்காது!"

அன்னிலேருந்து ராஜாவுக்குப் பயந்து அவன்கூட யாரும் பேசல. கிணத்தடிக்குப் போனா கூட்டம் கலைஞ்சுரும். அவ்வளவு நீளப் பெஞ்சுல தன்னந்தனியா, தூணைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான்.

ஒன்றியத்துத் தூதர் வந்தாரு. "இவன் தினமும் என்னை எதிர்ப்பான்"னாரு ராஜா.

"ஆமாங்க மகாராஜா"ன்னான் செவத்தையா.

"எதையெல்லாம் எதிர்ப்பீங்க?"ன்னாரு தூதர்.

"மகாராஜா எதை எதிர்க்கச் சொல்றாரோ அதைத்தானுங்க. இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க."

தூதர் சிரிச்சுட்டாரு. ராஜாவுக்கு மீசை துடிச்சுது. "இந்தப் பெஞ்சு நிறையட்டும், அப்புறம் வர்றேன். அதுவரைக்கும் இவர் தலைக்கு நீங்கதான் பொறுப்பு"ன்னுட்டுத் தூதர் கிளம்பிட்டாரு.

மறுநாளும் பக்கத்துல யாரும் வரல. மழைக்காலம் போச்சு, பனி வந்துச்சு, அப்பவும் அவன் தனியாத்தான் இருந்தான். ஒருநாள் மத்தியானம், உப்பு விக்கிற மாடத்தி கூடையோட சபைக்குள்ள வந்தா.

"கொஞ்சம் நகருங்கண்ணே. இந்த உப்பு வரியைப் பத்தி ராஜாகிட்ட நாலு வார்த்தை கேக்கணும்."

அவ்வளவு நீளப் பெஞ்சுல இடமா இல்ல? ஆனாலும் செவத்தையா நகந்து உக்காந்தான்.