சுவரில் போட்ட கோடு

போடியிலிருந்து மலை ஏறும் சாலையில், கடைசிப் பெட்ரோல் பங்கைத் தாண்டினால் அமலியின் கடை. ஒரு தகரக் கொட்டகை, முன்னால் நாலு வண்டி நிற்கிற இடம், எதிரே எருக் கிடங்கின் நீளச் சுவர். அவ்வளவுதான். ஆனால் லைட்டு எரியவில்லை, ஹாரன் கேட்கவில்லை, வயர் புகைகிறது என்றால் மலைக்குப் போகிற டிரைவர்கள் வேறு எங்கும் நிறுத்த மாட்டார்கள்.

முழுப்பெயர் அமலோற்பவம். வயது முப்பத்து மூன்று. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் எட்டு வருஷம் வயரிங் வேலை பார்த்தவள். தலை நரைத்த டிரைவர்கள்கூட அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ‘ஏம்மா’ என்று கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கு வேலை நடந்ததில்லை.

அவளிடம் சீடனாக வந்து சேர்ந்தவர் சின்னமாயன். அவருக்கு ஐம்பத்திரண்டு. இந்த வயசில் போய் ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொள்கிறாராம் என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எதற்கு வந்தோம் என்று அவருக்குத் தெரியும்.

சின்னமாயனிடம் இருபது வருஷமாக ஒரே பிக்கப் வண்டி. கீழேயிருந்து ஏலத்தோட்டங்களுக்கு எரு மூட்டை ஏற்றிப் போவார். மார்கழியில் ஒரு சாயங்காலம், பனி இறங்குகிற நேரம், ஒன்பதாவது வளைவில் எதிரே ஒரு மொபெட் வந்தது. தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீடுகளில் பன்னும் ரஸ்கும் விற்றுவிட்டு இறங்குகிற ஞானசிகாமணி. இருவருக்கும் பத்து வருஷப் பழக்கம். சின்னமாயன் லைட்டை டிம் பண்ணினார். ஓரமும் கட்டினார். அப்படியும் மொபெட் நேராக வந்து, கடைசி நேரத்தில் சாய்ந்து, தடுப்புச் சுவரில் மோதி விழுந்தது. ஞானசிகாமணிக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்துபோனது. மூட்டைகளை அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் சின்னமாயன்தான்.

நடந்ததை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எப்போது சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்.

“ஒத்தக் கையில ஓட்டிக்கிட்டு வந்தான் மனுசன். என் வண்டியைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி எனக்குக் கை காட்டுறான். வளைவுல யாராச்சும் அப்படிச் செய்வாங்களா?”

கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்மேல் ஒருத்தரும் குற்றம் சொல்லவில்லை. ஞானசிகாமணிகூட, கண்ணு தெரியல, கண்ணு தெரியல என்று வழியெல்லாம் முனகியதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்வை மங்கின ஆள் எதற்கு மலையில் வண்டி ஓட்ட வேண்டும் என்று அதையும் சின்னமாயன் கதையில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் அதற்குப் பிறகு அவரால் மலை ஏற முடியவில்லை. முதல் வளைவு வந்ததுமே கை மரத்துப்போகும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். பங்குனி பிறப்பதற்குள் வரவில்லை என்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. ராத்திரி சோறு இறங்காமல் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வண்டி பழசு, லைட்டு மங்கல். நாலு கஜம் முன்னாடியே ஞானசிகாமணியைப் பார்த்திருந்தால் நின்றிருக்கலாம். ஆகவே லைட்டை மாற்ற வேண்டும். அதையும் அடுத்தவன் மாட்டினால் மனசு ஆறாது, தன் கையால் மாட்ட வேண்டும்.

முதல் நாளே அமலியிடம் கேட்டார்.

“மாஸ்டர், எவ்வளவு வெளிச்சம் இருந்தா எதிர்ல வர்றவனுக்கு ஒண்ணும் ஆகாது?”

அமலி அவர் கையில் ஒரு உப்புத்தாளைக் கொடுத்தாள். லைட்டுக்குப் பின்னால் பாடியில் முறுக்கியிருந்த எர்த் வயரைக் காட்டினாள்.

“முதல்ல இந்தத் துருவைச் சுரண்டுங்கண்ணே.”

சுரண்டினார். ஒரு வாரம் சுரண்டினார் என்றே சொல்லலாம். வண்டிக்குள் அத்தனை துரு இருந்தது. அப்புறம் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது, பல்புக்குப் போய்ச் சேரும்போது பத்துகூட இல்லை. பல்பு மங்கலில்லை, பட்டினி கிடக்கிறது என்றாள் அமலி. சின்னமாயன் பேட்டரியிலிருந்து நேராகக் கனமான வயர் இழுத்தார், நடுவில் ரிலே மாட்டினார். பழைய மஞ்சள் பல்பே பளிச்சென்று எரிந்தது. இது போதும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவருக்குத்தான் போதவில்லை. மதுரைக்குப் போன ஒரு டிரைவரிடம் சொல்லி வெள்ளை எல்இடி பல்பு இரண்டு வாங்கிவரச் செய்து, சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். கல்யாண வயசில் பெண் வைத்திருக்கிற மனுசன், மிட்டாய் ஒளிக்கிற பிள்ளை மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமலி தங்கச்சி பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். கடையில் சின்னமாயன் மட்டும். வெள்ளை பல்பு இரண்டையும் மாட்டினார். அவள் கற்றுக்கொடுத்தபடி வண்டியைக் கிடங்குச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தினார். லைட்டின் உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். பொழுது சாய்ந்ததும் லைட்டைப் போட்டு, அதன் திருகாணியைத் திருப்பித் திருப்பி, டிம் வெளிச்சம் கோட்டுக்கு நாலு விரல் கீழே நிற்கும்படி வைத்தார். இடமும் வலமும் ஒரே மட்டம். இருபது வருஷத்தில் தன் வண்டி இவ்வளவு அழகாக அவருக்குத் தெரிந்ததில்லை.

அமலி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே கடைக்கு வந்தாள். பட்டுப்புடவை, தலையில் பூ. சுவரைப் பார்த்தாள், வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

“கோடு நல்லா இருக்குண்ணே” என்றாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இப்போ மூட்டை ஏத்துங்க.”

சின்னமாயனுக்குப் புரியவில்லை. இன்றைக்கு லோடு கிடையாதே, எதற்கு மூட்டை என்று கேட்டார்.

“வெறும் வண்டியை யாருண்ணே மலைக்கு ஓட்டறா?”

கிடங்கு வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்த லோடுமேன்கள் இருவரை அமலி கூப்பிட்டாள். லைட்டு எரிந்தபடியே இருக்க, எரு மூட்டைகள் ஏறின. பழைய வண்டி, பின்பக்க ஸ்பிரிங் பட்டை தளர்ந்து ரொம்ப நாளாயிற்று. முதல் வரிசை அடுக்கியதும் பின்பக்கம் அமுங்கியது. சுவரில் வெளிச்சம் கோட்டைத் தொட்டது. இரண்டாம் வரிசைக்குக் கோட்டைத் தாண்டியது. முப்பது மூட்டையும் ஏறி முடிந்தபோது வெளிச்சம் கோட்டுக்கு மேலே இரண்டு சாண் ஏறி நின்றது.

சின்னமாயன் சுவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருஷமாக ஆர்டிஓ ஆபீசில் எஃப்சிக்கு லைட்டு வைத்துக் காட்டும்போதெல்லாம் வண்டியைக் கழுவித் துடைத்துக் காலியாகத்தான் கொண்டுபோயிருக்கிறார். அவர் மட்டுமா, எல்லாரும் அப்படித்தான்.

இந்த வெள்ளை பல்பு ஆகாது, கழற்றிவிட்டுப் பழையதையே போடுகிறேன் என்றார் அவசரமாக.

“போடுங்க” என்றாள் அமலி. “ரிலேயையும் பிடுங்கிடுங்க. அன்னைக்கு எப்படி இருந்ததோ அப்படியே.”

அன்னைக்கு என்றால் என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. பழைய மஞ்சள் பல்பை மாட்டினார். ரிலேயை எடுத்துவிட்டுப் பழைய வயரில் கொடுத்தார். இதற்குள் அமலி தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய், சுவருக்கு முன்னால் வண்டியைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தாள். அதில் உட்காரச் சொன்னாள்.

சின்னமாயன் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். அமலி பிக்கப்பில் ஏறினாள்.

“டிம்லதான் வைக்கிறேண்ணே. நீங்க வச்ச மாதிரி.”

லைட்டைப் போட்டாள்.

மங்கல் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த லைட்டு அது. நேராகக் கண்ணுக்குள் வந்து விழுந்தது. வண்டி காணாமல் போனது, சாலை காணாமல் போனது, அமலி காணாமல் போனாள். மஞ்சளாக ஒன்று மட்டும் கொதித்துக்கொண்டு நின்றது.

“ஹேண்டில்பாரைப் பிடிங்கண்ணே” என்று அவள் குரல் வந்தது. “கையை எடுக்காதீங்க.”

“நான் எங்க எடுத்தேன்?” என்றார்.

வெளிச்சம் தாங்காமல் முகத்தைப் பின்னால் திருப்பினார். முதுகுக்குப் பின்னாலிருந்த கிடங்குச் சுவரில் அவர் நிழல் பெரிதாக விழுந்திருந்தது. ஸ்கூட்டரில் ஒரு ஆள். ஒரு கை ஹேண்டில்பாரில். இன்னொரு கை நெற்றிக்கு மேலே தூக்கியபடி, யாருக்கோ கை காட்டுகிற மாதிரி.

சின்னமாயன் அந்த நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்கிய கையை இறக்கவும் தோன்றவில்லை.

அமலி லைட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். லோடுமேன்களை டீ குடிக்க அனுப்பினாள். அவர் அழுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அவர் அழவும்தான் செய்தார், சத்தமில்லாமல், நெஞ்சு குலுங்க.

“அவன் எனக்குக் கை காட்டல மாஸ்டர்.”

“ஆமாண்ணே.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அவர் கை காட்டினார்னு முதல் நாள் நீங்க சொன்னப்பவே சந்தேகம். சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

நம்பியிருக்க மாட்டார். தெரியாமல் நடந்ததுதான், வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்று அமலி சொன்னாள். அது அவர் காதில் ஏறியதா தெரியவில்லை. கால் ஒடிந்து கிடக்கிறவனைப் பற்றி ரெண்டு மாசமாகக் கண்ட இடத்திலெல்லாம் பேசியிருக்கிறார். டீக்கடையில் பேசியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில், அவன் பெண்டாட்டி காதில் விழுகிற மாதிரியே பேசியிருக்கிறார். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

சட்டென்று எழுந்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு பிக்கப்பை நோக்கி நடந்தார். மேலச்சொக்கநாதபுரத்தில் ஞானசிகாமணியின் வீடு. பக்கம்தான், வண்டியில் போனால் பத்து நிமிஷம்.

“மூட்டையை அப்புறம் இறக்கிக்கிறேன் மாஸ்டர். இப்பவே போய் அவன்கிட்ட சொல்லிடணும். இன்னும் ஒரு ராத்திரி இதை வச்சுக்கிட்டு என்னால கிடக்க முடியாது.”

ஸ்டியரிங்கில் கை வைத்தார். கை மரத்துப்போகவில்லை. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை, சாவியைத் திருகப் போனார்.

அமலி சன்னல் ஓரம் வந்து நின்றாள். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை அவர் பக்கம் நீட்டினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மலையிலிருந்து இறங்குகிற வண்டிகளின் வெளிச்சம் தூரத்து வளைவில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

“போங்கண்ணே, கட்டாயம் போகணும். முதல்ல இறங்கி லைட்டைத் தாழ்த்துங்க. அவர் வீடு வரைக்கும் எதிர்ல ஆள் வந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க.”