வெறும் தட்டு

டாக்டர் அருமைநாயகத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. டாக்டர் ஜுலைஹாவுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் குரு ஜுலைஹாதான்.

கர்ப்பப்பைக் கட்டி என்று வந்தவர்களுக்கெல்லாம் இருபத்தாறு வருடம் கர்ப்பப்பையையே எடுத்துப் பழகியவர் அருமைநாயகம். கத்தியில்லாமலும் சரிசெய்யலாம் என்று கேள்விப்பட்டு, திருநெல்வேலியில் அதைச் செய்துவந்த ஜுலைஹாவிடம் கற்றுக்கொள்ள வந்தார். கௌரவம் பார்க்காமல் வந்தது பெரிய விஷயம்தான். பழக்கத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரத் தெரியவில்லை.

அன்று மேஜையில் படுத்திருந்தவள் முப்பிடாதி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். மாதத்தில் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் மாட்டேன் என்றாள்.

மணிக்கட்டில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக மெல்லிய குழாய் உள்ளே போனது. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களை, பொடி மணல் போன்ற துகள்களை விட்டு ஜுலைஹா அடைத்தார். கை மட்டும்தான் மரத்திருந்தது. முப்பிடாதி விழித்தபடி, உள்ளே நடப்பதைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அருமைநாயகத்தின் கை தன்னால் ஸ்டீல் தட்டை எடுத்தது. கால் தன்னால் வாசலுக்கு நடந்தது. ஆபரேஷன் முடிந்ததும், எடுத்ததைத் தட்டில் வைத்து வெளியே நிற்பவர்களிடம் காட்டுவது அவர் வழக்கம்.

முப்பிடாதியின் கணவன் கொம்பையா தட்டுக்குள் எட்டிப் பார்த்தான். நனைந்த பஞ்சு இரண்டு கிடந்தது.

"கட்டி எங்கய்யா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "உள்ளேதான் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிடும்."

"எங்க மைனிக்கு எடுத்தப்ப தேங்காத் தண்டிக்குக் காட்டுனாவ. நீங்க பஞ்சக் காட்டுதீய!"

அருமைநாயகம் அரை மணி நேரம் விளக்கினார். கொம்பையா அசையவில்லை.

"அப்பமே சொன்னேன், அவ கேக்கல. வேற ஆஸ்பத்திரியில கேட்டு வச்சிருக்கேன். வியாழக்கிழமை கர்ப்பப்பைய எடுத்துருதோம்."

வியர்த்துப்போய் அருமைநாயகம் உள்ளே வந்தார்.

"மேடம், காரியத்தைக் கெடுத்துட்டேன். வியாழக்கிழமை வேற ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையை எடுக்கப்போறாராம். எதுக்காக அந்தம்மா நம்மகிட்ட வந்தாங்களோ, அதுவே இல்லாமப் போயிடும் போல. அவருக்குப் படத்தையாவது போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் சார். அவரை உள்ள வரச் சொல்லுங்க."

கொம்பையா வந்தான். ஜுலைஹா அவனிடம் எதுவும் விளக்கவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முப்பிடாதி, என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

முப்பிடாதிக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசினாள்.

"எல்லாத்தையும் டிவியில பாத்தேன். கட்டியச் சுத்தி ரத்தம் கொடி கொடியா ஓடிச்சு. மருந்த விட விட ஒவ்வொரு கொடியா மறைஞ்சு போச்சு. அடுப்புக்குப் போற கேஸை மூடியாச்சு. இனி உலை கொதிக்காது."

"வலிக்கா?" என்றான் கொம்பையா.

"வலிக்கி. ரெண்டு மூணு நாள் வலிக்கும்னு சொல்லித்தான் செஞ்சாவ. வியாழக்கிழமை நான் எங்கயும் வரல. இது என் உடம்பு."

கொம்பையா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வியாழக்கிழமை வரவில்லை என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது. அருமைநாயகத்துக்கு உயிர் வந்தது.

"அரை மணி நேரம் தொண்டை கிழியச் சொன்னேன் மேடம். என்னை நம்பாதவர் எப்படி இதை நம்பினார்?"

ஜுலைஹா கையுறையைக் கழற்றினார்.

"இத்தனை வருஷத்துல எத்தனை பேர்கிட்ட தட்டைக் காட்டியிருப்பீங்க சார்?"

"ஆயிரம் பேருக்கு மேல இருக்கும்."

"அதுல கர்ப்பப்பைக்குச் சொந்தக்காரங்க எத்தனை பேர்?"